நெட் போச்சா? கஸ்டமர் கேருக்கு அடிக்கும் முன்னால் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

நெட் வரவில்லை என்று சொல்வதில் நாலைந்து விதம் இருக்கிறது. தெருக் கம்பத்திலிருந்து வரும் ஃபைபரில் வெளிச்சமே வராமல் போயிருக்கலாம். வெளிச்சம் வந்தும் கணக்கு லாகின் ஆகாமல் நிற்கலாம். ரெண்டும் சரியாக இருந்து வைஃபை மட்டும் சொதப்பலாம். எல்லாமே ஒழுங்காக இருக்க, உங்கள் லேப்டாப் மட்டும் முரண்டு பிடிக்கலாம். எது என்று தெரியாமல் ஃபோன் போட்டால் அந்தப் பக்கம் சொல்லப்போவது ஒன்றுதான்: "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." பேச்சு அதைத் தாண்டி நகர வேண்டுமானால் கோளாறு எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். ஒரு லேன் ஒயர், லேன் போர்ட் உள்ள ஒரு லேப்டாப், கொஞ்சம் பொறுமை.

இங்கே சொல்வதெல்லாம் வீட்டுக்கு வரும் ஃபைபர் இணைப்புக்கு. தெருவின் கேபிள்காரர் மூலமாக வந்தாலும் சரி, பெரிய கம்பெனி நேரடியாகக் கொடுத்தாலும் சரி, கடைசியில் சுவரில் மாட்டப்படுவது அதே மாதிரி வெள்ளைப் பெட்டிதான். லைன்மேன் அதை ஓஎன்டி அல்லது ஓஎன்யு என்பார், வீட்டில் நாம் மோடம் என்போம். நானும் மோடம் என்றே எழுதுகிறேன்.

முதலில் லைட்டைப் பாருங்கள்

ரீஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் மோடத்தின் முன்பக்கத்தை ஃபோனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் எல்லா லைட்டும் மாறிவிடும், என்ன நடந்தது என்பதற்கு அப்புறம் தடயமே இருக்காது.

பவர் லைட்டே எரியவில்லை என்றால் அடாப்டர். இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. அடாப்டர் ஒரேயடியாகச் சாவதில்லை, பல நேரம் மெல்ல மெல்லத் தளர்கிறது. லைட்டெல்லாம் பளிச்சென்று எரியும், ஆனால் சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்கு வந்து டிவி, ஃபோன், லேப்டாப் என்று சேர்ந்து இழுக்கும்போது மோடம் தானாக ரீஸ்டார்ட் ஆகும். லைன் கோளாறு என்று நினைத்துக்கொண்டு நாலைந்து தடவை டிக்கெட் (புகார்) போட்டிருப்பீர்கள், வருபவரும் சிக்னலை அளந்துவிட்டு "லைன் நல்லாத்தான் இருக்கு" என்று போய்விடுவார். புது அடாப்டர் வாங்கும்போது வோல்ட் அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டும், பெரும்பாலான மோடத்துக்கு அது 12 வோல்ட். ஆம்பியர் பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. பின் உள்ளே போகிறதே என்று எந்த அடாப்டரையும் செருகிவிடாதீர்கள். பிளஸ் மைனஸ் எந்தப் பக்கம் என்ற குறியீடு ரெண்டின் முதுகிலும் அச்சடித்திருக்கும், அதையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது எல்ஓஎஸ் என்று எழுதிய லைட். இது எரியாமல் இருந்தால்தான் நல்லது. சிவப்பாக மின்னினால் வெளிச்சம் உள்ளே வரவில்லை என்று பொருள், ரீஸ்டார்ட் எதுவும் உதவாது. பான் என்ற லைட் பச்சையாக நிலைத்து எரிய வேண்டும். அது மின்னிக்கொண்டே இருந்தால், வெளிச்சம் ஏதோ கொஞ்சம் வருகிறது, ஆனால் மோடத்தால் கம்பெனி பக்கம் இருக்கும் பெட்டியிடம் பதிவு செய்துகொள்ள முடியவில்லை. சில மாடல்களில் ரெண்டும் ஒரே லைட்டாக இருக்கும், நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எல்ஓஎஸ் சிவப்பு என்றதும் தெருவில்தான் அறுந்திருக்கும் என்று முடிவு கட்டாதீர்கள். மோடத்தின் அடியிலிருந்து கிளம்பும் மெல்லிய ஒயரை முதலில் பாருங்கள், பேட்ச் கார்டு என்பார்கள், பெரும்பாலும் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ இருக்கும். உள்ளே இருப்பது கண்ணாடி. செம்புக் கம்பி மாதிரி மடக்கிச் சொருகக் கூடாது. ஒரு வீட்டில் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் மோடம் மாட்டியிருந்தார்கள். புது விளக்கு வைக்க இடம் வேண்டுமென்று ஒயரை ஒதுக்கி, ஆணியில் ரெண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிவிட்டிருந்தார்கள். நெட் முழுசாகப் போகவில்லை, அதுதான் வேடிக்கை. பகலில் ஓடும், திடீரென்று நிற்கும், தானாக வரும். ஆணியிலிருந்து கழற்றி, உள்ளங்கை அகலத்துக்குத் தளர்வாகச் சுற்றித் தொங்கவிட்டதும் சரியாகிவிட்டது. பீரோ நகர்த்தியது, வெள்ளையடித்தது, எலி, பல்லி விரட்டியது என்று வீட்டில் சமீபத்தில் என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள், பாதி விடை அங்கேயே கிடைக்கும்.

பேட்ச் கார்டின் முனை பச்சையாகவோ நீலமாகவோ இருக்கும். அதை ஒருமுறை வெளியே இழுத்து, கிளிக் என்று சத்தம் வரும்வரை திரும்பச் செருகலாம். பச்சை முனையும் நீல முனையும் ஒன்றல்ல. பச்சையில் கண்ணாடியின் நுனி லேசாகச் சாய்த்து வெட்டப்பட்டிருக்கும், அதனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைச் செருகினால் உள்ளே போகும், சிக்னல் ஒழுங்காகப் போகாது. நுனியை விரலால் தொடாதீர்கள், சட்டையில் துடைக்காதீர்கள், வெளிச்சம் வருகிறதா என்று கண்ணருகே வைத்துப் பார்க்கவே பார்க்காதீர்கள். அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. ஒன்றும் தெரியாது, ஆனால் கண்ணுக்கு ஆகாது.

வீட்டுக்குள் எல்லாம் சரி என்றால் மாடிக்குப் போய், கம்பத்திலிருந்து வரும் கறுப்பு ஒயரைத் தள்ளி நின்றே ஒரு பார்வை பாருங்கள். அணில் கடித்திருக்கும், மின்வாரியத்தினர் மரக்கிளை வெட்டும்போது சேர்ந்து போயிருக்கும், உயரமான லாரி இழுத்துக்கொண்டு போயிருக்கும். இதெல்லாம் லைன்மேன் வேலை. கம்பத்தில் மின்கம்பியும் சேர்ந்து போகிறது, நீங்கள் கை வைக்க வேண்டாம்.

மோடத்துக்குள் இருக்கும் ஒரு எண்

லைட் பொய் சொல்லும், எண் பொய் சொல்லாது. பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் பெரும்பாலான மோடங்களின் உள்பக்கம் திறக்கும், யூசர்நேம் பாஸ்வேர்டு மோடத்தின் முதுகிலோ அடியிலோ ஒட்டியிருக்கும். அதில் ஆப்டிகல் அல்லது பான் என்று தொடங்கும் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் என்று ஒரு எண், அதாவது உள்ளே வரும் வெளிச்சத்தின் அளவு, டிபிஎம் கணக்கில், மைனஸ் குறியோடு இருக்கும். மைனஸ் 15க்கும் மைனஸ் 25க்கும் இடையில் இருந்தால் நிம்மதி. மைனஸ் 27ஐத் தாண்டினால் மோடம் தடுமாறும், மழை பெய்தால் போகும், வெயிலில் வரும். இந்தக் கணக்கில் 3 குறைந்தாலே வெளிச்சம் பாதியாகிறது, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்; அதனால் மைனஸ் 20 இருந்த வீட்டில் மைனஸ் 26 காட்டினால் "ஆறுதானே" என்று விட்டுவிடாதீர்கள், வெளிச்சம் கால்வாசியாகிவிட்டது. நெட் நன்றாக ஓடும் ஒரு நாளில் இந்த எண்ணைப் பார்த்து மோடத்தின் மேலேயே ஒரு சீட்டில் எழுதி ஒட்டி வைப்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது. கோளாறு வரும் நாளில் ஒப்பிட ஏதாவது வேண்டாமா?

பான் பச்சை, எண்ணும் நல்லது, ஆனால் இன்டர்நெட் லைட் மட்டும் சிவப்பு அல்லது எரியவே இல்லை: இது கணக்கு விவகாரம். பிளான் முடிந்திருக்கலாம், சிரிக்காதீர்கள், மிகச் சாதாரணமாக நடப்பது இது. பணம் கட்டியும் வரவில்லை என்றால் மோடத்தை ரெண்டு நிமிடம் அணைத்துப் போட்டால் புதிதாக லாகின் ஆகும். மோடத்தின் பின்னால் ஊசி குத்தும் சின்ன ஓட்டையை மட்டும் அழுத்தாதீர்கள். அது ரீசெட். கணக்கு லாகின் ஆவதற்கான பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துபோய், சின்னக் கோளாறு பெரிய கோளாறாகிவிடும். சொந்தமாக ரவுட்டர் வாங்கிப் போட்டவர்களுக்கு இன்னொன்று: சில உள்ளூர் ஆபரேட்டர்கள் முதலில் இணைத்த ரவுட்டரின் அடையாள எண்ணான மேக் எண்ணைப் பூட்டி வைத்திருப்பார்கள். புது ரவுட்டரில் எவ்வளவு சரியாக லாகின் கொடுத்தாலும் நுழையாது, ஃபோன் பண்ணி "மேக் ரிலீஸ் பண்ணுங்க" என்றால் வேலை முடிந்தது.

வைஃபையைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள்

இனி "வருது, ஆனா ஸ்லோ" கதை. இதில் முதல் வேலை, வைஃபையை ஆட்டத்திலிருந்து விலக்குவது. லேன் ஒயரால் லேப்டாப்பை நேராக மோடத்தில் செருகி, மற்ற சாதனங்களை எல்லாம் நிறுத்திவிட்டு ஸ்பீடு டெஸ்ட் ஓட்டுங்கள். ஒயரில் பிளான் வேகம் வந்தால் கம்பெனி மேல் பழி இல்லை, வீட்டு வைஃபைதான் குற்றவாளி. ஒயரிலும் வரவில்லை என்றால் மேலே பேசலாம். ஃபோனில், படுக்கையறையில் படுத்துக்கொண்டு எடுத்த ஸ்பீடு டெஸ்ட் படத்தை அனுப்பிச் சண்டை போட்டால் அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கும்.

சின்னக் கணக்குக் குழப்பம் ஒன்றையும் தீர்த்துவிடலாம். பிளானில் சொல்வது மெகாபிட், டவுன்லோடு பெட்டியில் தெரிவது பெரும்பாலும் மெகாபைட். எட்டால் வகுக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் பிளானில் நொடிக்கு 12 மெகாபைட் வந்தால் நீங்கள் கொடுத்த காசுக்கு முழுசாக வருகிறது.

ஒயரில் சோதிக்கும்போது நான் ரொம்ப மதிக்கும் ஓர் அறிகுறி உண்டு: 94 அல்லது 95. பிளான் 200, 300 என்று இருக்கும், காலையில் பார்த்தாலும் நள்ளிரவில் பார்த்தாலும் ஸ்பீடு டெஸ்ட் 94இல் போய் ஆணியடித்த மாதிரி நிற்கும். நெரிசலால் வரும் வேகக் குறைவு இப்படி ஒரே எண்ணில் நிற்காது, ஏறி இறங்கும். 94 என்றால் எங்கோ ஒரு லேன் இணைப்பு 100 எம்பிபிஎஸ் அளவில் பூட்டிக்கொண்டது என்று அடித்துச் சொல்லலாம். காரணம் எளிது. லேன் ஒயருக்குள் எட்டுக் கம்பிகள், நாலு ஜோடி. 100க்கு ரெண்டு ஜோடி போதும், ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். 100க்குத் தேவைப்படாத அந்த ரெண்டு ஜோடியில் ஒரே ஒரு கம்பி உள்ளே அறுந்திருந்தாலும் ரெண்டு முனையும் பேசிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். நெட் ஓடும், எந்த எச்சரிக்கையும் வராது. பிளக்கை வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பாருங்கள்: கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக்குக்குள் எட்டு நிறங்கள் வரிசையாக நுனிவரை போயிருக்க வேண்டும். கடைசியில் இருக்கும் பழுப்பு பாதியிலேயே நின்றிருப்பது அடிக்கடி கண்ணில் படும், அவசரத்தில் கிரிம்ப் பண்ணியதன், அதாவது பிளக்கை அழுத்தி மாட்டியதன், லட்சணம். லேப்டாப்பில் ஈதர்நெட் செட்டிங்கில் லிங்க் ஸ்பீடு 100/100 என்று காட்டினால் சந்தேகமே இல்லை. ஒயரை மாற்றுங்கள், கேட் 5ஈ அல்லது கேட் 6 என்று மேலே அச்சடித்ததாகப் பார்த்து வாங்குங்கள். ஒயர் மாற்றியும் அதே 94 என்றால் மோடத்தின் அந்த லேன் போர்ட்டே 100 வகையாக இருக்கலாம். விலை குறைந்த மோடங்களில் ஒரே ஒரு போர்ட் மட்டும் ஜிகாபிட்டாக இருப்பது சகஜம், ஜிஈ என்று எழுதியிருப்பது ஜிகாபிட், எஃப்ஈ என்றால் 100.

வைஃபை என்றால் சுவர்

நம் வீடுகளில் மோடம் எங்கே இருக்கிறது? ஒயர் எந்த ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்ததோ அங்கே. லைன்மேனுக்கு வசதியான இடம், வைஃபைக்கு அல்ல. டிவிக்குப் பின்னால், பீரோ மேல், ஷோகேஸ் கண்ணாடிக்கு உள்ளே என்று வைத்துவிட்டு ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதில் பயனில்லை. இரும்பு பீரோ சிக்னலை மறைக்கும், மீன் தொட்டியும் தண்ணீர் டிரம்மும் உறிஞ்சும், கான்கிரீட் கூரைக்குள் இருக்கும் கம்பி வலை மாடிக்குப் போவதைத் தடுக்கும். வீட்டின் நடுவில், தலை உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில். இதற்காக இன்னும் பத்து மீட்டர் ஒயர் இழுக்கச் சொல்லி இருநூறு முந்நூறு கூடுதலாகக் கொடுத்தாலும் தகும், இணைப்புக் கொடுக்கும் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.

மோடம் பெரும்பாலும் ரெண்டு அலைவரிசையில் பேசும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டிப் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம், ரெண்டு சுவரில் சோர்ந்துவிடும். அடுக்குமாடியில் 2.4 என்பது திருவிழாக் கூட்டம். அதில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான், எதிர்வீடு, மேல்வீடு, பக்கத்து பிளாக் எல்லோரும் அதற்குள்ளேயே கத்திக்கொண்டிருக்கிறார்கள், போதாததற்கு மைக்ரோவேவ் அடுப்பும் ப்ளூடூத்தும் அங்கேதான். அதனால் டிவியையும் வேலை பார்க்கும் லேப்டாப்பையும் 5இல் போடுங்கள், முடிந்தால் டிவிக்கு ஒயரே கொடுத்துவிடுங்கள், ஸ்மார்ட் பிளக், கேமரா மாதிரியானவை 2.4இல் கிடக்கட்டும். ரெண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் ஃபோன் தன் இஷ்டத்துக்கு 2.4ஐப் பிடித்துக்கொண்டு நகர மறுக்கும்; செட்டிங்கில் போய்த் தனித்தனிப் பெயர் வைத்தால் எதில் இருக்கிறோம் என்றாவது தெரியும். 5இல் நெட் திடீரென்று ஒரு நிமிடம் காணாமல் போய் வந்தால் சேனல் எண்ணைப் பாருங்கள். 52 முதல் 144 வரை உள்ள சேனல்களில் ரேடார் சத்தம் கேட்டதாக மோடத்துக்குத் தோன்றினால் அது உடனே இடம் மாறியாக வேண்டும் என்பது விதி. 36 முதல் 48க்குள் ஒன்றைக் கையால் போட்டுவிட்டால் அந்தத் தொல்லை தீரும்.

மாடிக்கு, பின் அறைக்கு வரவில்லை என்று ஆன்லைனில் மலிவாக ஒரு ரிப்பீட்டர் வாங்காதீர்கள் என்று நான் சொல்வேன். சிக்னல் கோடுகள் முழுசாகத் தெரியும், வேகம் பாதிகூட இருக்காது, ஏனென்றால் அது ஒரே காற்றில் வாங்கி அதே காற்றில் திருப்பித் தருகிறது. லேன் ஒயர் ஒன்று இழுத்து, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரை, வைஃபை மட்டும் பரப்பும் அக்சஸ் பாயின்ட் மோடில் மாட்டுங்கள். அந்த மோடு இல்லாத ரவுட்டர் என்றால் அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, சாதனங்களுக்கு முகவரி பங்கிடும் டிஎச்சிபியை அணைத்து, ஒயரை வான் (WAN) போர்ட்டில் இல்லாமல் லேன் போர்ட்டில் செருக வேண்டும். இதைச் செய்யாமல் மாட்டி, ரெண்டு பெட்டியும் 192.168.1.1 நான்தான் என்று அடித்துக்கொள்ளும் வீடுகள் நிறைய.

ராத்திரி மட்டும் படுத்துவிடுகிறதா?

காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் ஒயரில் அளந்து பாருங்கள். காலையில் முழு வேகம், இரவில் கால்வாசி என்றால் நெரிசல். ஜிபான் என்ற ஃபைபர் முறையில் ஒரு ஃபைபரின் 2.5 ஜிகாபிட்டை 32 வீடு, 64 வீடு வரை பங்கு போட்டுக்கொள்கின்றன. அதைவிட, ஆபரேட்டர் மேலிருந்து வாங்கும் மொத்த அளவு போதாமல் போவதுதான் உள்ளூரில் அதிகம். ஸ்பீடு டெஸ்ட் இதில் ஏமாற்றும். அது தானாகத் தேர்ந்தெடுக்கும் சர்வர் உங்கள் கம்பெனியின் சொந்த நெட்வொர்க்கிலேயே இருக்கக்கூடும், வாசல்வரை போய்த் திரும்பி வந்து பிரமாதம் என்று சொல்லும். சர்வரை வேறு கம்பெனி, வேறு ஊர் என்று மாற்றியும், நெட்ஃபிளிக்ஸின் ஃபாஸ்ட் டாட் காமிலும் பாருங்கள். வெளிநாட்டுத் தளங்கள் மட்டும் இழுக்கின்றன என்றால் கடலடிக் கேபிளாகவும் இருக்கலாம். 2025 செப்டம்பரில் ஜெட்டா அருகே செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோது இந்தியா வரை அது தெரிந்தது. அதற்கு உங்கள் கேபிள்காரரைத் திட்டிப் பயனில்லை.

மாதக் கடைசியில் மட்டும் ஸ்லோ என்றால் பிளானின் டேட்டா வரம்பு, 3300 ஜிபி மாதிரி, தீர்ந்திருக்கும். வீடியோ கால் மட்டும் திக்குகிறது, மற்றதெல்லாம் சரி என்றால் யார் ஃபோனாவது கல்யாண வீடியோக்களை கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறதா என்று கேளுங்கள், அப்லோடு அடைத்தால் எல்லாமே அடைக்கும். 8.8.8.8க்குப் பிங் போட்டால் பதில் வருகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் கோளாறு தளத்தின் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸில், 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றிவிடுங்கள். ஆபீஸ் விபிஎன் இணையும், ஆனால் உள்ளே எதுவும் திறக்காது என்றால் எம்டியுவை (ஒரே தடவையில் அனுப்பும் டேட்டாப் பொட்டலத்தின் அளவு) 1492 அல்லது அதற்குக் கீழே குறைக்கச் சொல்லி ஐடி ஆளிடம் கேளுங்கள். வீட்டு கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க போர்ட் திறந்தும் நடக்கவில்லையா? மோடத்தின் வான் முகவரி 100.64 முதல் 100.127க்குள் தொடங்கினால் உங்களுக்குத் தனி ஐபி இல்லை, பலரோடு பகிர்ந்திருக்கிறீர்கள். ஸ்டேடிக் ஐபிக்குப் பணம் கட்ட வேண்டும், அல்லது கேமரா கம்பெனியின் கிளவுடு வழியாகப் பார்க்கும் கேமரா வேண்டும்.

புகார் சொல்லும் விதம்

இவ்வளவும் பார்த்த பிறகு ஃபோன் போட்டால் இப்படிச் சொல்லலாம்: "எல்ஓஎஸ் சிவப்பு, பேட்ச் கார்டு பார்த்துட்டேன், நேத்து மைனஸ் 21 இருந்துச்சு." அல்லது, "ஒயர்ல, லிங்க் 1000ல இருக்கு, காலைல 290, ராத்திரி 40, மூணு நாள் படம் இருக்கு." அந்தப் பக்கம் இருப்பவர் ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லும் வரியைத் தாண்டி ஆள் அனுப்பும் வரிக்கு வந்துவிடுவார். டிக்கெட் எண்ணை வாங்காமல் ஃபோனை வைக்காதீர்கள். அந்த எண் இருந்தால்தான், தீர்க்காமல் இழுத்தடிக்கும்போது கம்பெனியின் அப்பலேட் அத்தாரிட்டியிடம், அதாவது மேல்முறையீடு கேட்பவரிடம், முறையீடு செய்ய முடியும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி கம்பெனிகளுக்கு அப்படி ஒன்று இருந்தாக வேண்டும், முறையீட்டுக்குக் கட்டணமும் கிடையாது. வாட்ஸ்அப்பில் தெரு ஆளுக்கு அனுப்பிய மெசேஜ் எல்லாம் இதில் கணக்கில் வராது.

லைன்மேன் வந்தால் கூடவே நில்லுங்கள். அறுந்ததை ஒட்டினாரா, கனெக்டர் போட்டாரா என்று கேளுங்கள். மெஷினில் ஒட்டிய இணைப்பு நிலைக்கும், கையால் போட்ட கனெக்டர் ஒரு மழைக்காலம் தாங்கினால் அதிர்ஷ்டம். கையில் இருக்கும் பவர் மீட்டரில் என்ன காட்டுகிறது என்று பார்த்து, மோடத்தின் சீட்டில் புது எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். சில கம்பெனிகளில் டிக்கெட்டை மூட உங்கள் ஃபோனுக்கு வரும் ஓடிபியைக் கேட்பார்கள், அவருக்கும் அடுத்த வீடு காத்திருக்கும், அவசரப்படுத்துவார். ஒரு டீ கொடுத்து உட்கார வையுங்கள், லேன் ஒயரில் ஒரு டெஸ்ட் ஓட்டிப் பார்த்துவிட்டு ஓடிபி சொல்லுங்கள்.